தண்டவாளம் திரும்பியது, பயணம் திரும்பியதா?

போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தில் நின்று மேற்கே பாருங்கள். ஏலக்காய் விளையும் மலைகள் எதிரே தெரியும். ரயில் பாதையோ அடிவாரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஏன்?

எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை, சாலையில் ரப்பர் சக்கரத்துக்கு ஏற்படுவதைவிடப் பல மடங்கு குறைவு. எனவே சமவெளியில் சிறிதளவு எரிபொருளிலேயே நூற்றுக்கணக்கானோரை ரயில் இழுத்துச் செல்கிறது. ஆனால் எஃகுக்கும் எஃகுக்கும் இடையே பிடிமானமும் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே மலைக்கு ஜீப்பும் பேருந்தும், மதுரைக்கு ரயிலும் என்பதே பொருத்தமான வேலைப் பிரிவினை.

1928-இல் தொடங்கிய இந்தப் பாதையின் நீளம் சுமார் 90 கிலோமீட்டர். 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பாதையை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக்குவதற்காக 2010-இன் இறுதியில் ரயில் நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பியது. ரயில் நின்றபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, அது போடிக்கு வருமுன் பன்னிரண்டாம் வகுப்பையே முடித்திருக்கும்!

ரயில் நின்றால் பயணம் நின்றுவிடுமா? நிற்காது, சாலைக்கு மாறும். கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டியவர்கள் கூடுதல் கட்டணம் கொடுத்துப் பேருந்தில் போவார்கள். கொடுக்க இயலாதவர்கள் பயணத்தையே குறைத்துக்கொள்வார்கள். இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

அகலப் பாதை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மற்ற ஊர்களின் ரயில்கள் பெட்டி மாறாமல் வந்து சேர அது தேவைதான். 2023-இல் சென்னைக்கே நேரடி ரயில் கிடைத்தது. ஆனால் அப்போது தொடங்கிய மதுரை ரயில் எப்படி ஓடியது? காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வந்தது. மாலையில் திரும்பிச் சென்றது. மதுரைக்காரர் போடிக்கு வந்து அன்றே வீடு திரும்பலாம். காலையில் மதுரைக்குப் போய் மாலையில் திரும்ப வேண்டிய போடி மாணவருக்கு அதனால் என்ன பயன்?

ஒரு பாதையை மூடுமுன் அதில் யார், எதற்காக, எந்த நேரத்தில் பயணம் செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். திறக்கும்போது அவர்களுக்கேற்ற கால அட்டவணை வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பேருந்து, ரயிலுக்கு முன்னதாக நிலையம் வந்து சேரவேண்டும்.

உங்கள் ஊர் நிலையத்தில் ஒரு காலைப் பொழுது நின்று இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ரயில் யாருக்காக ஓடுகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.