களியக்காவிளைக்கு இப்பால், அப்பால்

பாறசாலையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் களியக்காவிளை. மாநிலம் மாறிவிடும், கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவாக மாறாது. கடற்கரைப் பக்கம் எல்லை இன்னும் மெல்லியது. தமிழ்நாட்டின் நீரோடியும் கேரளத்தின் பொழியூரும் ஒரே மணலில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரு பக்கமும் மீன்பிடித் தொழில், இரு பக்கமும் கால்பந்துப் பித்து. 2018-ல் கல்கத்தாவில் வங்காளத்தை வீழ்த்தி சந்தோஷ் டிராபியை வென்ற கேரள அணியில் பொழியூர் சீசன் இருந்தார். 2019-20ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியின் மைக்கேல் சூசைராஜ், குமரி மாவட்டத்து இரயுமன்துறைக்காரர்.

மாலையில் ஒரே மணலில் பந்து உதைக்கும் பையன்கள் கல்லூரியில் சேர்ந்ததும் பிரிந்துவிடுகிறார்கள். தனுவச்சபுரம் வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரிக்குப் போகிறவன் கேரளப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுவான். மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கல்லூரிக்கோ தூத்தூர் புனித யூதா கல்லூரிக்கோ போகிறவன் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுவான். இருவரும் அவரவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டியில் சீட்டு ஒத்துவந்தால்தான் நேருக்கு நேர் சந்திக்க முடியும். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

முன்பு இப்படி இல்லை. 1937-ல் தோன்றிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்கு இந்த எல்லையே கிடையாது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குமரிக் கல்லூரிகள் பிறகு சென்னை, மதுரை, 1990-ல் நெல்லை என்று பல்கலைக்கழகம் மாறின. ஒரு வேடிக்கை: தனுவச்சபுரம் கல்லூரி தாங்கியிருக்கும் பெயர் வேலுத்தம்பி தளவாயுடையது. அவர் பிறந்த தலக்குளம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் சிறு கல்லூரிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் தாமே சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்கின்றன. மிச்சிகன் மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1888-லிருந்து நடக்கிறது. அது இருக்கும் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது. உங்கள் ஊரில் ஒரு ஆட்டம், எங்கள் ஊரில் ஒரு ஆட்டம். தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு.

நாக்-அவுட்டில் அது இல்லை. பெரிய கல்லூரியிடம் முதல் சுற்றில் தோற்ற சிறிய கல்லூரிக்கு அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. பதினெட்டு வயதுப் பையன் ஒரே ஆட்டத்தில் என்ன கற்றுக்கொள்வான்?

எல்லையின் இரு பக்கமும் மும்மூன்று கல்லூரிகள் சேர்ந்தால் போதும். டவுன் பஸ் செலவில் ஒரு லீக் நடத்தலாம். உடற்கல்வி இயக்குநர்கள் மனம் வைத்தால் முடியாததல்ல. சிக்கல் சான்றிதழில்தான். கிரேஸ் மார்க்குக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் அங்கீகரித்த போட்டியின் காகிதம்தான் செல்லும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பையனே வரமாட்டான், அவன்மேல் குற்றமும் இல்லை. ஆகவே முதல் வேலை மைதானத்தில் இல்லை. திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் உள்ள இரண்டு விளையாட்டுத் துறைகளின் மேஜையில் இருக்கிறது.