கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்

மங்கள்யானைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ரயிலில் எதிர் இருக்கைக்காரர், வங்கி வரிசையில் முன்னால் நிற்பவர், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர், யாராக இருந்தாலும் முதலில் சொல்வது விலையைத்தான். "450 கோடியில முடிச்சுட்டாங்க சார். ஹாலிவுட்காரன் ஒரு படத்துக்கே அதைவிட அதிகம் செலவழிக்கிறான்." சரி, அந்த விண்கலம் செவ்வாயில் என்ன பார்த்தது என்று அடுத்து கேளுங்கள். பேச்சு மெதுவாகக் கிரிக்கெட் பக்கம் திரும்பிவிடும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டதே அவ்வளவுதான். 2014 ஜூனில் ஸ்ரீஹரிகோட்டாவில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, 'கிராவிட்டி' படத்துக்கு ஆனதைவிட மங்கள்யானுக்கு ஆன செலவு குறைவு என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில், ஆமதாபாத்தில் ஆட்டோவில் ஒரு கி.மீ. போகப் பத்து ரூபாய் ஆகிறது, நாம் ஏழு ரூபாயில் செவ்வாய்க்குப் போனோம் என்றபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த ஏழு ரூபாயைப் பிடித்துக்கொண்டன.

வகுத்தல் சரிதான். 450 கோடி ரூபாய், சுமார் 65 கோடி கி.மீ. தூரம். ஆனால் ஆட்டோ ஒவ்வொரு கி.மீ.க்கும் எரிபொருள் கேட்கும், விண்கலம் கேட்காது. 2013 டிசம்பர் 1 அதிகாலையில் பூமியின் பிடியிலிருந்து உந்தித் தள்ளப்பட்ட மங்கள்யான், பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு ஏறக்குறைய பத்து மாதம் சும்மாவே மிதந்து போயிற்று. தூரம் கூடக் கூட 'கட்டணம்' குறையும் விசித்திர வண்டி இது. இந்தக் கணக்கில் பார்த்தால் நம்மைவிட மலிவானவர்கள் அமெரிக்கர்கள்தான். 1977ல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களும் சேர்ந்து 4,500 கோடி கி.மீ.க்கு மேல் கடந்துவிட்டன. நெப்டியூனைச் சந்திக்கும்வரை ஆன செலவு, அன்றைய மதிப்பில் 86.5 கோடி டாலர். இன்றைய மாற்று விகிதத்தில் கி.மீ.க்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை!

மலிவு என்பது கேவலமான விஷயம் அல்ல. மங்கள்யானுக்குப் பின்னால் அசாத்தியமான சாமர்த்தியம் இருந்தது. கனமான கலத்தைத் தூக்க வேண்டிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2010ல் இரண்டு முறை தோற்றிருந்தது. கையில் இருந்தது பி.எஸ்.எல்.வி.தான். கலத்தை நேராகச் செவ்வாய்க்கு அனுப்பும் பலம் அதற்கு இல்லை. அதனால் பூமியைச் சுற்றவிட்டு, சுற்றுப்பாதையைப் படிப்படியாக உயர்த்தி, கடைசியில் ஓர் உந்து உந்தி அனுப்பினார்கள். 2012 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் 2013 நவம்பர் 5ல் விண்ணில் ஏறியது. பாராட்ட வேண்டியது இந்த மூளையை. நாம் பாராட்டியதோ விலைச்சீட்டை.

அந்தச் சீட்டில் எழுதாத சில விவரங்களும் உண்டு. மங்கள்யானுக்கு இரண்டு நாள் முன்னதாகச் செவ்வாயை அடைந்த அமெரிக்காவின் மாவென் கலத்துக்குச் சுமார் 67 கோடி டாலர் ஆயிற்று. அதில் சுமார் 65 கிலோ ஆய்வுக் கருவிகள். நம்முடையதில் சுமார் 15 கிலோ. பத்தில் ஒரு பங்கு செலவில் அதே வேலையை நாம் செய்துவிடவில்லை. வேறு வேலையைச் செய்தோம். மேலும், நம் மலிவில் ஒரு பகுதி நம் சம்பளத்திலிருந்து வருகிறது. இஸ்ரோவில் புதிதாகச் சேரும் எஞ்சினியரின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 56,100 ரூபாய். நாம் கைதட்டும் சிக்கனம் யாருடைய வீட்டிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

விலையை மட்டும் பார்ப்பதால் வெற்றி தோல்விகூடத் தப்பாகத் தெரிகிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2ன் தரையிறங்கும் கலம் நிலவில் மோதியபோது, "978 கோடி போச்சு" என்றார்கள். போகவில்லை. அதன் சுற்றுக்கலம் நிலவைச் சுற்றிவந்து படம் எடுத்தது. 2023 ஆகஸ்ட் 23ல் சந்திரயான்-3 இறங்க இடம் தேர்ந்தெடுக்க அந்தப் படங்கள் உதவின. பூமியுடன் பேச இடைத்தரகராகவும் அந்தச் சுற்றுக்கலம் இருந்தது. சந்திரயான்-3க்கு 615 கோடி, முந்தையதைவிடக் குறைவு என்று மெச்சியவர்கள், புதிதாகச் சுற்றுக்கலம் தேவைப்படாததும் அதற்கொரு காரணம் என்பதைக் கவனிக்கவில்லை. 'தோற்ற' 978 கோடியின் தோளில் ஏறித்தான் 'ஜெயித்த' 615 கோடி நின்றது.

எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. "சோத்துக்கே வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு?" என்பவர்கள். பெருமைப்படுபவருக்கும் இவருக்கும் ஆகாது. ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே தராசு, ரூபாய்த் தராசு. 2024-25 பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு வருடம் 93 ரூபாய். இதை நிறுத்திவிட்டால் யார் வீட்டு உலையிலும் கூடுதலாக அரிசி விழப்போவதில்லை.

போட்ட பணம் திரும்பி வரும் இடம் வேறு. 1999 அக்டோபரில் ஒடிஸாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2019ல் ஃபனி புயல் அதே கரையை அடைவதற்குள் 12 லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஒடிஸாவில் இறந்தவர்கள் 64 பேர். இதற்குச் செயற்கைக்கோள் மட்டும் காரணம் அல்ல. ரேடார்கள், புயல் காப்பகங்கள், கிராமம் கிராமமாக ஓடிய ஊழியர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் புயலின் கண் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல ஒன்று வேண்டியிருந்தது. அதை கி.மீ. கணக்கில் அளக்க முடியாது.

சரி, இதெல்லாம் பேச்சுதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று விடலாமா? விட முடியாது. மனிதனை ஏற்றி அனுப்பும் ககன்யான் திட்டம் இருக்கிறது. 2022க்குள் இந்தியர் ஒருவர் நம் ராக்கெட்டில் போவார் என்று 2018 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டது. 2022 வந்து போயிற்று. முதலில் சுமார் 10,000 கோடியாக இருந்த மதிப்பீடு, ஆளில்லாத சோதனைப் பயணங்களும் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் சேர்ந்து 2024 செப்டம்பரில் 20,193 கோடி ஆயிற்று. "இன்னும் கிளம்பலையா? செலவு மட்டும் ஏறுதே?" என்ற முணுமுணுப்பு கேட்கிறது. ஏழு ரூபாய்க்குப் பழகிய காது அப்படித்தான் கேட்கும்.

2023 அக்டோபர் 21ல், ஆபத்து வந்தால் வீரர்களை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்க் காப்பாற்றும் ஏற்பாட்டை, ஆள் இல்லாத கூண்டை வைத்துச் சோதித்தார்கள். இந்த மாதிரிச் சோதனைகளுக்குப் பணம் ஆகும், நாள் ஆகும், தலைப்புச் செய்தி ஆகாது. சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இதுதான். 1986 ஜனவரி 28ல் அமெரிக்காவின் சாலஞ்சர் ஓடம் 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், இன்று ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவே எஞ்சினியர்கள் சொன்னார்கள். பயணம் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளிப்போட யாருக்கும் பொறுமை இல்லை. அந்த அவசரத்தில், வெளியே காத்திருந்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் பங்கு இருந்தது.

நம் விஞ்ஞானிகளும் பேப்பர் படிக்கிறவர்கள்தான். "மலிவா, சீக்கிரமா" என்று நாம் கேட்டுக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு கூட்டத்தில் ஏதோ ஒரு சோதனையை விட்டுவிடலாமே என்று யாருக்காவது தோன்றலாம். தள்ளிப்போட்டேன் என்று தைரியமாகச் சொல்லும் அதிகாரிக்கு, "நல்லது, நிதானமாகச் செய்யுங்கள்" என்று சொல்லும் ஜனங்கள் தேவை. அதுவும் விண்வெளித் திட்டத்தின் ஒரு பாகம். பட்ஜெட்டில் அதற்கு ஒரு பைசா ஒதுக்க வேண்டியதில்லை.

மங்கள்யான் என்ன பார்த்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதன் நீண்ட சுற்றுப்பாதையின் தூரக் கோடியிலிருந்து செவ்வாயின் முழு வட்டத்தையும் ஒரே படத்தில் பிடித்தது. டீமோஸ் என்ற குட்டித் துணைக்கோளின் மறுபக்கத்தைப் படம் எடுத்தது. செவ்வாயின் வளிமண்டலத்தின் உச்சியில், எதிர்பார்த்ததைவிடச் சூடான ஆர்கான் அணுக்கள் இருப்பதைக் காட்டியது. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டது, 2022ல் தொடர்பு அறும்வரை ஏழு வருடத்துக்கு மேல் உழைத்தது. ரயிலில் எதிர் இருக்கைக்காரர் 450 கோடி என்று ஆரம்பித்தால், இதையும் அவருக்குச் சொல்லுங்கள்.