அவள் பட்டதாரி, அவன் மேசன்

எமது கிராமங்களில் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினால் சாதியும் சீதனமும் குறுக்கே நிற்பது பழைய கதை. இப்போது இன்னொரு தடையும் சேர்ந்துள்ளது. பெண் கூடப் படித்தவள், கூடச் சம்பளம் எடுப்பவள். "இது சரிவருமோ?" என்று இரு வீட்டாரும் தயங்குகின்றனர்.

இந்நிலை திடீரென வந்ததல்ல. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர் எமது பெண்பிள்ளைகள் அதனை நன்கு பயன்படுத்தினர். இன்று இந்நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆண்பிள்ளைகளில் பலரோ வீட்டுக் கஷ்டத்தால் சாதாரண தரத்துடன் கடலுக்கும் கூலிக்கும் போய்விடுகின்றனர். அவர்கள் உழைத்த காசில் படித்த தங்கைமாரும் உண்டு.

திருமண ஆயத்த வகுப்பொன்றுக்கு ஒரு சோடி வந்தது. அவள் பட்டதாரி ஆசிரியை, அவன் மேசன். மூன்று வருடப் பழக்கம். "மனிசி உழைச்சுப்போட இவர் இருந்து சாப்பிடப்போறார்" என்ற சந்திப் பகிடியை அவன் சகித்துக்கொண்டிருந்தான். அவளோ அதிபர் சேவைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தாள். "இன்னும் மேலே போனால் அவருக்கு மனம் நோகும்" என்றாள். இதைக் கேட்ட அவன் திகைத்துப்போனான். "நான் அப்பிடி ஒருநாளும் சொல்லேல்லையே!" என்றான். அவன் கேளாத தியாகத்தை அவள் செய்திருந்தாள். இருவரும் அதுபற்றி வாய் திறந்து பேசியதேயில்லை.

எம்மைப் பொறுத்தவரை, படிப்பிலுள்ள வித்தியாசத்தைவிட இந்த மௌனமே ஆபத்தானது. எமது தாய்மார் கருவாடு காயவைத்தும் நாற்று நட்டும் குடும்பத்தைத் தாங்கியபோது எந்த ஆணும் வெட்கப்படவில்லை. அதே உழைப்பு மாதச் சம்பளமாக வங்கிக்கு வரும்போது மட்டும் மானப் பிரச்சினையாவது ஏன்? நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம் போற்றும் பெண் தன் உழைப்பில் நிலம் வாங்கித் தோட்டம் வைக்கிறாள். அவளது கணவனுக்கு ஊர்ச்சபையில் மதிப்புக் குறையவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1981இல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில், ஆணும் பெண்ணும் மாண்பிலும் பொறுப்பிலும் சமம் என்பதை வலியுறுத்தியுள்ளார்.

ஆனால் மனைவியின் சம்பளத்தை நம்பித் தொழிலை விட்டுக் குடியில் விழுவது சமத்துவமல்ல. சம்பளத்தைச் சொல்லிக்காட்டிக் கணவனை வாயடைக்கச் செய்வதும் சமத்துவமல்ல.

எமது தவறையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்களுக்குச் சங்கம், கருத்தரங்கு, சுழற்சிக் கடன் என்று பல செய்தோம். இளைஞருக்கோ பந்தும் வலையும் கொடுத்ததோடு நிறுத்திவிட்டோம். மாறிவரும் குடும்பத்துக்கு அவர்களை ஆயத்தப்படுத்தவில்லை. கைத்தொழில் தெரிந்த ஒருவர் திறன் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்பதைக்கூட எத்தனை மேசன்மாருக்குச் சொல்லியிருக்கிறோம்?

திருமண ஓலை வாசிக்குமுன் ஒவ்வொரு சோடியும் மூன்று விடயங்களைப் பேசித் தீர்க்கட்டும். இருவரது வருமானமும் எவ்வாறு செலவாகும்? அவள் பாடசாலைக்கும் அவன் வேலைக்கும் போகும் வீட்டில் சமையலையும் பிள்ளையையும் யார் பார்ப்பது? ஒருவர் மேலும் படிக்கவோ பதவி உயரவோ விரும்பினால் மற்றவர் என்ன செய்வார்? பெற்றோரும் மாப்பிள்ளையின் சான்றிதழை மட்டும் பாராமல், அவன் உழைப்பாளியா, குடியில்லாதவனா, பிறரை மதிப்பவனா என்று விசாரிக்கட்டும்.

அந்த மேசன் அடுத்த கிழமை வகுப்புக்கு வந்தபோது அவளது பரீட்சை விண்ணப்பத்துக்கு எப்போது முடிவுத் திகதி என்று கேட்டான். தன்னைவிட உயரும் பெண்ணுக்கு ஏணியைப் பிடித்துக்கொடுப்பவன் சிறுத்துப்போவதில்லை. அப்படியான ஆண்களை உருவாக்குவதும் கிராம அபிவிருத்திதான்.