ஐந்தை மூன்றாக்கும் அறிவு!



தொண்டைநாட்டு வழக்கில் தாங்கல் என்பது சிற்றேரி. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலோ வேடர் பெயரைத் தாங்கிய ஏரி. வேடர் பெயர் பூண்ட நீர்நிலை இன்று பறவைகளின் தாய்வீடாய் விளங்குகின்றதெனின், அதனை அவ்வாறு ஆக்கியவர் அரசருமல்லர், அலுவலருமல்லர், ஏர்பிடித்த உழவரே!

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் அவ்வேரிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் வாளாவிருந்தாரல்லர். அற்றை ஆட்சியர் இலயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ஆம் ஆண்டில் எழுத்திலேயே பெற்றனர். அயலானின் துமுக்கிக்கு முன் நெஞ்சு நிமிர்த்தி நின்ற ஊர் அது!

அஃது இரக்கம் மட்டுமன்று. தேர்ந்த வேளாண்மை அறிவுமாகும். நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஏரிநடுவிலுள்ள மரங்களிற் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் நீரிற் கரைகின்றது. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறிய அந்நீர் மடைவழியே வயலுக்குப் பாய்கின்றது. விலை கொடாத உரம்! பறவைக்கு உழவன் காவல். உழவனுக்குப் பறவை துணை.

ஆனால், 2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததென்ன? ஏரியைச் சுற்றி 5 கி.மீ. அளவில் விரிந்திருந்த புகலிடத்தை 3 கி.மீ. அளவிற்குச் சுருக்கத் தமிழ்நாட்டு வனத்துறையே முன்மொழிந்தது! காக்க அமர்த்தப்பட்ட கையே கத்தரிக்கோலை எடுத்தது. அவ்வெளிவட்டத்துள் மருந்துத் தொழிற்சாலையொன்று இருந்ததும் அப்பொழுது ஊரறியப் பேசப்பட்டது. எதிர்ப்பு மூண்டதும், இது பகுத்தலேயன்றிக் குறைத்தலன்று என விளக்கம் வந்தது.

கணக்கறிந்தோர் எண்ணிப் பார்க்க! ஐந்தில் இரண்டு போவதன்று இது. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 5 மூன்றாயின், இருபத்தைந்து பங்கில் பதினாறு பங்கு பறிபோம்! எஞ்சுவது ஒன்பதே.

"ஏரி இருக்கின்றதே, வெளிநிலம் எதற்கு?" என்பார் உளர். வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 எக்டேரே. அது கூடு, அடுக்களையன்று. மீனும் நத்தையும் தவளையும் தேடிப் பறவைகள் செல்வது சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்குமே. அடுக்களையை இடித்துவிட்டுத் தொட்டிலைக் காப்போம் என்பது எவ்வகை அறிவு?

"இளைஞர்க்கு வேலை வேண்டாவா?" என்றும் கேட்பர். வேண்டும், யாம் மறுத்திலேம். ஆயின் ஆலை அமைக்க வேறிடம் உண்டு. நீர்நிலைத் தொடருக்கு வேறிடம் உண்டோ? ஒருவனுக்கு வேலை தருவதாய்ச் சொல்லி, ஓரூரின் நீரைக் கெடுப்பது வாழ்வளிப்பதாகுமா?

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பறவை வரத்தும் குன்றியது. வானமே கைவிரிக்கும் காலத்தில் வரத்துக்கால்களையும் நாம் அடைத்தால் எஞ்சுவது யாது? 2022-ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அண்மையிலுள்ள கரிக்கிலியும் இராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. உலகப் பெருமை நன்றே. ஆனால், பெயர்ப்பலகை நீர் கொணராது, வாய்க்காலே கொணரும்.

ஆகவே யாம் கேட்பன மூன்று: ஐந்து கி.மீ. எல்லையில் ஓரடியும் குறைதல் கூடாது. வரத்துக்கால்கள் தூர்வாரப்பெறல் வேண்டும். புகலிடம் பற்றிய எந்த முடிவும் அவ்வூர் உழவரைக் கேட்டே எடுக்கப்பெறல் வேண்டும்.

அயலான் ஆட்சியில் பெற்ற உரிமையை நம் ஆட்சியில் இழப்போமாயின், அவ்விழிவை எந்நீரால் கழுவுவோம்? எழுமின்!