பேய்ப்படமென்றால் இளக்காரமா?

நமது இலக்கியக் கூட்டங்களில் சினிமா பற்றிப் பேசுவோர் உச்சரிக்கின்ற பெயர்கள் எனக்கு மனனம். சத்யஜித் ரே, அப்பாஸ் கியரோஸ்தமி, மஜித் மஜிதி. இவர்களுக்கப்பால் யாரேனும் ஒரு பேய்ப்படத்தையோ கௌபோய் படத்தையோ விதந்துரைத்துவிட்டால் சபையில் ஓர் இளநகை பரவும். "பொழுதுபோக்குத்தானே, பார்க்கட்டும்" என்று ஒருவர் பெருந்தன்மையோடு மன்னிப்பும் வழங்குவார். எனக்கு ஆகாதது இந்த மன்னிப்புத்தான்.

வெண்பாவுக்குத் தளை தட்டக்கூடாதென்று விதியுண்டு. விதிக்குள் நின்று எழுதுகிறான் என்பதற்காகப் புலவனை எவரும் குறைத்து மதிப்பதில்லை, மாறாக வியக்கிறோம். பேய்ப்படத்துக்கும் துப்பறியும் படத்துக்கும் அப்படியான யாப்பு இருக்கிறது. அதற்குள் நின்று ஒருவன் உண்மை பேசினால் மாத்திரம் ஏன் மலினமாகிவிடுகிறது?

மஜிதியின் சிறுவர்களுக்காகக் கண்ணீர் விடும் நண்பர்களிடம் பாபக் அன்வரி 2016இல் பாரசீக மொழியில் எடுத்த 'அண்டர் த ஷடோ'வைப் பார்த்தீர்களா எனக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஏனென்றால் அது ஜின் படம். ஈரான்-ஈராக் யுத்தக் காலத்து தெஹ்ரான். கணவன் வைத்தியன், போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மனைவிக்கு, அரசியலில் ஈடுபட்டதற்காகப் பல்கலைக்கழகத்தின் கதவு மூடப்பட்டுவிட்டது. மேல்வீட்டுக் கூரையைப் பிளந்து ஏவுகணையொன்று விழுகிறது, ஆனால் வெடிக்கவில்லை. அதன் பிறகுதான் ஜின் வருகிறது. மகளைத் தூக்கிக்கொண்டு, தலையை மூட நேரமின்றித் தெருவுக்கு ஓடுகிறாள் தாய். தெருவில் அவளைத் தடுத்து நிறுத்துகிறவர்கள் ஜின்கள் அல்லர், காவலர்கள். ஓடி வந்த காரணத்தை அல்ல, தலை திறந்திருக்கும் காரணத்தைக் கேட்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பதா வெளியில் இருப்பதா கூடுதல் பயங்கரம் என்று தெரியாமல் அவள் திரும்பி வருகிறாள். இதைவிடக் கனதியாக ஒரு 'கலைப்படம்' என்ன சொல்லிவிடப் போகிறது? ஷெல் சத்தத்துக்குப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இரவைக் கழித்த நமது தாய்மாருக்கு அந்தப் படம் விளங்கும். விமர்சகர்களுக்கு விளங்குமோ தெரியாது.

ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' 1968இல் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே வருடம். பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்கின்றன. ஒரு வீட்டுக்குள் அகப்பட்டவர்களை வழிநடத்துகிறவன் ஒரு கறுப்பன், டுவேன் ஜோன்ஸ் நடித்தார். படத்தில் எவரும் அவனது நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரவு முழுவதும் போராடித் தப்பிய அவனை, காலையில் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பிரசங்கம் கிடையாது, கண்ணீர் கிடையாது, உடலைக் கொக்கியால் இழுத்துப் போகிறார்கள். அவ்வளவுதான்.

கொட்ஸிலாவைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது விழுந்தது. செப்டெம்பரில் அதன் வானொலி இயக்குநர் இறந்தார். நவம்பரில் படம் வெளியானது. ஜப்பானியருக்கு அந்த மிருகம் எதுவென்று யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

வகைமைப் படங்களெல்லாம் நல்லவை என நான் வாதாட வரவில்லை. 'காஞ்சனா' (2011) பயமுறுத்துவதும் இல்லை, முழுதாகச் சிரிக்கவைப்பதும் இல்லை. பயம் பிடிக்கும் நேரத்தில் பாட்டு வந்துவிடும். எனது ரசனைக்கு அது தளை தட்டிய வெண்பா. இத்தனைக்கும் அதிலே அநியாயமாகக் கொல்லப்பட்ட திருநங்கையின் கதை ஒன்று இருந்தது, வீணடித்துவிட்டார்கள். 'ரோஜா' (1992) தொடங்கி 'துப்பாக்கி' (2012) வரை வந்த தீவிரவாதிப் படங்களைப் பற்றி நம் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே எனது முறைப்பாடு நம்மவரைக் கெட்டவராகக் காட்டினார்கள் என்பது மட்டுமல்ல. வில்லனுக்கு ஒரு மூளை வைக்கவேண்டுமென்பது திகில் படத்தின் பாலபாடம். இவர்கள் பெயரையும் தாடியையும் வைத்துவிட்டு வேலை முடிந்ததென எழுந்துவிட்டார்கள். அது முதலில் சோம்பேறித்தனம்.

தமிழில் முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' எடுத்தார். பாட்டில்லை, நடனமில்லை. 1943இல் ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாளில் ஒரு கொலை; படம் தொடங்கும்போதே சிவாஜி கணேசன் பிணம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். சனங்கள் அன்று அதைக் கைவிட்டார்கள், வசூல் இல்லை. கொலையாளி யாரென்று இங்கே எழுதமாட்டேன். பார்க்காதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய இரண்டு மணித்தியாலத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.