வேலை போனால் வீடும் போகுமா?

மாஞ்சோலை என்றதும் பலருக்கும் ரீல்ஸ்தான் ஞாபகம் வரும். பனிமூட்டம், தேயிலைச் சரிவு, வளைந்து வளைந்து மலையேறும் அரசுப் பேருந்து. அந்த வீடியோக்களின் ஓரத்தில் வரிசையாகச் சில லைன் வீடுகள் தெரியும். இந்த வாரம் அந்த வீடுகளைப் பற்றிப் பேசுவோம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த காடு அது. 1929-ல் சுமார் 8,370 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்திடம் கொடுத்தார் ஜமீன்தார். காட்டைத் திருத்தித் தேயிலை நட ஆட்கள் வேண்டுமே? கீழே ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் மலையேறின. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என ஊர்கள் உருவாயின.

1952-ல் ஜமீன் ஒழிந்து நிலம் அரசிடம் போனது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. தொழிலாளிக்கு நிர்வாகமே வீடு தர வேண்டும் என்றது அது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பெயர்ப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான் கூரை.

1999-ல் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கோரியும் இந்தத் தொழிலாளர்கள் நெல்லையில் ஊர்வலம் போனார்கள். ஜூலை 23-ம் தேதி போலீஸ் தடியடியில் சிதறி, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அதில் அடக்கம்.

குத்தகை 2028-ல்தான் முடிகிறது. ஆனால் நிர்வாகம் முன்கூட்டியே வெளியேற முடிவெடுத்தது. 2024 ஜூனில் வேலை நின்றது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு! தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்தட்டும் என்று வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொன்னது.

காட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பகுதி. 2018-ல் காப்புக்காடாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே காடு திரும்பினால் தாமிரபரணிக்கு நல்லது. ஆனால் அந்த நன்மைக்கான விலையை யார் கொடுப்பது? காட்டைக் குத்தகைக்கு விட்டவரா, லாபம் பார்த்தவரா, கொழுந்து கிள்ளியவரா?

ஸ்காட்லாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 1814-ல் சதர்லேண்ட் சீமாட்டியின் எஸ்டேட்டில், ஆடு வளர்ப்பு லாபம் தரும் என்று ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் குடியானவர்களை வெளியேற்றினார்கள். முன்னின்று நடத்திய எஸ்டேட் அதிகாரி பேட்ரிக் செல்லர்மீது வழக்கு நடந்தது. 1816-ல் விடுதலையாகிவிட்டார். வாடகை ஒழுங்காகக் கட்டும் குடியானவரை வெளியேற்றக்கூடாது என்று சட்டம் வர 1886 ஆனது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது தமிழ்நாட்டின் 1971 குடியிருப்புச் சட்டம். வயலில் உழைத்தவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு மலையில் உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை.

நம்ம புதுச்சேரியில் 2020-ல் ஏ.எஃப்.டி. மில் மூடியது பெரிய அடி. ஆனாலும் தொழிலாளிகளுக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது. மாஞ்சோலைக்காரர்களுக்கு மில்லும் ஊரும் ஒன்றாகவே மூடிவிட்டது. குத்தகைப் பத்திரத்தில் இரண்டு தரப்புதான் கையெழுத்துப் போட்டது. மூன்றாவது தரப்புக்குக் கீழே ஒரு பட்டா, மேலே போய்த் தங்கள் முன்னோர் கல்லறையைப் பார்த்துவர ஓர் அனுமதி, பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருப்பதுதான் வருத்தம்.