எது சாமி கடவுள் சித்தம்?

2024 கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையில் எங்கள் பங்குச் சாமியார் நீளமாகப் பிரசங்கம் வைத்தார். இந்த வருடத்தில் ஆண்டவர் உங்கள் குடும்பத்துக்குக் கொடுத்தது என்ன, எடுத்துக்கொண்டது என்ன என்று வீட்டுக்குப் போய்க் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். கொடுத்ததுக்கு நன்றி சொல்லுங்கள், எடுத்ததைக் கடவுள் சித்தம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

எங்கம்மா சாமியார் சொன்னால் தட்டமாட்டாள். தெருவுக்கு வந்து சேர மணி ரெண்டு. எல்லாரையும் குடில் முன்னால் உட்கார வைத்துவிட்டாள். குடில் கோணலாக இருந்தது. வருசா வருசம் வைக்கோல் வேய்ந்து கட்டுகிறவர் அப்பா. அவர் இல்லை.

எண்ணினோம். தை மாசக் கடைசியில் தங்கச்சிக்குப் பொம்பளப்பிள்ளை பிறந்தது. மே மாசம் அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 541 வாங்கினாள்; தெருவுக்கே ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். ஆடியில் அப்பா செத்துப்போனார்.

அப்பா முப்பது வருசத்துக்கு மேல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினவர். அந்தத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ரெண்டு பக்கமும் வெட்டினது அப்பாதான். அந்தப் பக்கம் செம்மண், ஆறடி வரைக்கும் மம்பட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். இந்தப் பக்கம் நாலடிக்குக் கீழே பாறை. அண்ணன் கடப்பாரையால் குத்திப் பார்த்தான், தீப்பொறி பறந்ததுதான் மிச்சம். மந்திரிக்க வந்த சாமியாரிடம், 'அந்தப் பக்கம் ஒரு குழிக்கு இடம் குடுங்க சாமி, அவரு வெட்டாத குழி அங்க ஒண்ணுமில்ல' என்று கேட்டோம். 'இப்ப வேணாம், பிரச்சினையாகும். எல்லாம் கடவுள் சித்தம்' என்றார். அப்பாவை நாலடியில் புதைத்துவிட்டு வந்தோம்.

எது கடவுள் சித்தம்? அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சுவர் கட்டினது கொத்தனார். காசு கொடுத்தது பங்குமக்கள். இடிக்காமல் வைத்திருப்பது நீங்கள். உங்கள் கோழைத்தனத்துக்கு ஆண்டவரிடம் ஏன் கையெழுத்து வாங்குகிறீர்கள்?

எங்கள் ஊர் மட்டும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் நாடறிந்த சுவர். இறையூரில் எங்கள் மக்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வீடுகள் தாக்கப்பட்டு, போலீஸ் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அதுவே சொன்னது. மூணில் ரெண்டு பங்கு நாங்கள், சுவருக்கு வெளியே! ஆகஸ்டு 10 வந்தால் ஆயர்கள் கருப்பு தினம் அனுசரிக்கிறார்கள், அரசாங்கம் எங்களை வஞ்சிக்கிறது என்று. நியாயம்தான், நானும் கருப்புக்கொடி பிடித்திருக்கிறேன். ஆனால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று அதே ஆட்கள் சுவருக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியாகத் தீர்த்தம் தெளிக்கிறார்களே, அதற்கு எந்தக் கொடி பிடிக்க?

அரசாங்கத்துக்கு வருகிறேன். எங்கள் தாத்தாவும் அடுத்த வீட்டுத் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். ஒருவர் ஞானஸ்நானம் வாங்கினார், ஒருவர் வாங்கவில்லை. அடுத்த வீட்டுப் பேத்தி எங்கள் பிள்ளையைவிட முப்பது மார்க் குறைவு. அரசு கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்தது. எங்கள் பிள்ளை தனியார் கல்லூரியில், அண்ணியின் தாலிக்கொடி அடகுக்கடையில். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. 18 சதவீதத்தில் பங்குக்கு வருகிறீர்களா என்று கேட்கிற தோழர்களுக்கும் சொல்கிறேன்: எங்கள் தலைகளையும் எண்ணி, 18ஐ உயர்த்தச் சொல்லிச் சேர்ந்து கேட்போம். உதவித்தொகை என்றால் மாநில அரசு எங்களையும் ஆதிதிராவிடர்களோடு சேர்த்துக்கொள்கிறது. இடஒதுக்கீடு என்றால் பிற்பட்டோர் வரிசையில் போய் நில் என்கிறது.

இதற்கு மூலம் 1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், சரி. எங்களுக்குக் கதவு சாத்தியபடியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே அளவுக்குக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாதாம். ஆதாரம் வேண்டுமானால் எங்கள் ஊருக்கு ஒரு கடப்பாரையோடு வாருங்கள், அய்யா.

பட்டியல் சாதித் தகுதி கொடுங்கள் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. பரண்மேல் போட்டார்கள். 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். ரெண்டு வருசக் கெடு முடிந்ததும் 2024இல் இன்னும் ஒரு வருசம் நீட்டினார்கள். அதே 2024 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், சலுகைக்காக மட்டும் அப்படிச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோயிலுக்குப் போவது உண்மை, சேரியில் பிறந்ததும் உண்மை. ரெண்டில் ஒன்றை மறைத்தால்தான் பிழைக்கலாம் என்று சட்டம் எழுதிவைத்துவிட்டு, மறைத்தவளை மோசடிக்காரி என்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி குடில் முன்னால் சண்டை வந்தது இதில்தான். தங்கச்சி பிள்ளையின் பிறப்பைப் பெயர் இல்லாமல்தான் பதிந்திருந்தோம். ஒரு வருசத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அப்பா தன் அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார், மேரி என்று முடிகிற பெயர். தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னார்: 'அத்தை, கோயில்ல அந்தப் பேரு இருக்கட்டும். சர்டிபிகேட்டுல வேற பேரு எழுதுவோம். நாளைக்கு இவளும் அண்ணன் மகள் மாதிரி நிக்கக் கூடாது.'

அவரைத் துரோகி என்று என்னால் சொல்ல முடியாது. பெற்றவன் பயம் அது.

அம்மாதான் சொன்னாள்: 'குழிய விட்டுக்குடுத்தோம் மாப்ளே. பேரையுமா விட்டுக்குடுக்கணும்?'

எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பமும் எம்.ஏ. படித்த நான்தான் நிரப்புவது. தை முடியுமுன்னே அப்பா வைத்த பெயரையே எழுதினேன். தங்கச்சி வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் செய்தது சரியா என்று அந்தப் பிள்ளை பதினேழு வருசம் கழித்து மார்க் சீட்டோடு வந்து கேட்கும்.

எண்ணச் சொன்னீர்கள், எண்ணிவிட்டோம். கொடுத்தவரும் எடுத்தவரும் யார் யார் என்று பிரித்தும் பார்த்துவிட்டோம். அப்பாவின் கடப்பாரை வீட்டு மூலையில்தான் சாத்தியிருக்கிறது. சுவரை நீங்கள் இடிக்கிறீர்களா, நாங்கள் வரட்டுமா, சாமி?